சென்சாரை மாற்றும் முன்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலை. நெல் தூக்கும் எலிவேட்டரின் மேல் பேரிங்கில் சூடு பார்க்க ஒரு பிடி 100 (Pt100) சென்சார் இருந்தது. 80 டிகிரியைத் தொட்டால் மோட்டார் நின்றுவிடும். சித்திரை வெயிலில் தினமும் மத்தியானம் நின்றது. "சென்சார் போச்சு அண்ணாச்சி, வேற மாட்டுங்க" என்றார் ஆபரேட்டர். மாட்டினேன். மறுநாளும் நின்றது. கையோடு கொண்டுபோன தெர்மாமீட்டரை பேரிங் ஹவுசிங்கில் வைத்தால் 73.

பிடி 100 என்பது சூடு ஏற ஏற மின்தடை ஏறும் பிளாட்டினம். 0 டிகிரியில் 100 ஓம், அதன்பின் டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம் ஏறும். கண்ட்ரோலர் ஓமைத்தான் எண்ணுகிறது. அது சென்சாருடையதா, வயருடையதா என்று அதற்குத் தெரியாது. அரை ஸ்கொயர் (0.5 சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் 35 மீட்டர் போய்த் திரும்பினால் இரண்டரை ஓம். ஆறு டிகிரிக்கு மேல் கூட்டிக் காட்டும். இந்த வயர் ஓமைக் கண்ட்ரோலர் கழிக்கத்தான் மூன்றாவது வயர். அங்கே அதை மேலே வரை இழுக்கச் சோம்பல்பட்டு, கண்ட்ரோலர் இருக்கும் பேனலிலேயே அதற்கான இரண்டு டெர்மினலையும் துண்டுக் கம்பியால் இணைத்திருந்தார்கள். எர்ரர் வராது, எண் மட்டும் தப்பாக வரும். இதைவிட மோசமான பழுது கிடையாது. மூன்று வயரும் ஒரே கனத்தில், ஒரே நீளத்தில், சென்சார் தலை வரைக்கும் போக வேண்டும்.

சரி, 73 வரைக்கும் சூடேறுவது மட்டும் எதற்கு? மூடியைக் கழற்றினால் கிரீஸ் பிதுங்கிக்கொண்டு வந்தது. தீபாவளி எண்ணெய்க் குளியல் மாதிரி அடைத்திருக்கிறார்கள். ஹவுசிங்கின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் பேரிங்குக்குள் உருளும் குண்டுகள் (பால்கள்) கிரீஸைக் கடைந்துகொண்டே சூடேறும். பாதியை வழித்துப் போட்டதும் சூடு இறங்கியது.

பேரிங்கை அடித்து ஏற்றுவதும் இங்கே சகஜம். ஷாஃப்டில் இறுக்கமாக ஏறுவது உள்வளையம். அடி வெளிவளையத்தில் விழுந்தால் அது பால்கள் வழியாகத்தான் உள்ளே போகும். ஓடுபாதையில் பள்ளம் விழும், சில நாளில் சத்தம் வரும், "டூப்ளிகேட் பேரிங்" என்று கடைக்காரர் திட்டு வாங்குவார். உள்வளையத்தில் மட்டும் உட்காரும் பைப்பை வைத்துத் தட்டுங்கள். நம்பரையும் சரிபாருங்கள்: 6206 என்றால் கடைசி 06-ஐ ஐந்தால் பெருக்க, ஷாஃப்ட் 30 மில்லிமீட்டர். 04 முதல்தான் இந்தக் கணக்கு. 03 என்பது 17.

உமி அடுப்பின் புகைப்பாதையில் இருப்பது பெரும்பாலும் கே டைப் தெர்மோகப்பிள் என்னும் சூடு பார்க்கும் சென்சார். அது வேறு சாதி. இரு உலோகங்களின் இரண்டு முனைகளுக்கு இடையிலான வெப்ப வித்தியாசத்தைத்தான் மில்லிவோல்ட்டாகத் தரும். வயர் பத்தவில்லை என்று சாதாரணச் செம்பு வயரைச் சேர்த்தால், சேர்த்த இடமே குளிர்முனை ஆகிவிடும்; கண்ட்ரோலரோ அந்த முனை பேனலில் இருப்பதாகவே எண்ணிக் கணக்குப் போடும். அந்த ஜங்ஷன் பாக்ஸ் அடுப்புப் பக்கத்தில் 55 டிகிரியிலும் பேனல் 35 டிகிரியிலும் இருந்தால், 20 டிகிரி குறைத்துக் காட்டும். அதற்கென்று விற்கும் காம்பன்சேட்டிங் கேபிள்தான் வேண்டும். சிவப்பு என்றால் பாசிட்டிவ் என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டாதீர்கள்: அமெரிக்க நிறக்கணக்கில் தெர்மோகப்பிளின் சிவப்பு, நெகட்டிவ்.

சுழற்சி எண்ணும் பிராக்ஸிமிட்டியில் (உலோகம் பக்கத்தில் வருவதைத் தொடாமலே பிடிக்கும் சென்சார்) ஒரே ஒரு விஷயம். பிடிக்கும் தூரம் 8 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது இரும்புக்கு. இலக்கை அலுமினியத்துக்கு மாற்றினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்குள் வந்தால்தான் பிடிக்கும்.

மூட்டை நிறுக்கும் லோடு செல் சத்தமில்லாமல் சாவது வெல்டிங்கில். எர்த் கிளாம்பை எங்கோ தூரத்து ஆங்கிளில் மாட்டிவிட்டு மேடையில் பற்றவைத்தால், கரண்ட் செல்லுக்குள் இருக்கும் மெல்லிய ஸ்ட்ரெயின் கேஜ் (எடையில் உலோகம் நெளிவதை அளப்பது) வழியாகவும் பாதை தேடும். கிளாம்ப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வெல்டர் முகமூடியை இறக்கும் முன் செல்லின் கேபிளையும் கழற்றி வையுங்கள்.