வீட்டுக்குக் குழாய் எரிவாயு: இணைப்பு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கக் கூடாது, மீட்டரைத் தானாகக் கழற்றக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம். புதிதாக வேலைக்கு வரும் ஃபிட்டர்களும் முதல்முறை இணைப்பு வாங்குபவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

இன்றைய அடுப்புக்கு மட்டும் பைப் போடுவது

இன்றும் எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். விண்ணப்பத்தில் 'அடுப்பு ஒன்று' என்று மட்டும் எழுதுவார்கள். நான்கு பர்னர் அடுப்புக்குச் சுமார் 8 கிலோவாட். குழாயில் வரும் இயற்கை எரிவாயு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 10.5 கிலோவாட் மணி வெப்பம் தரும். ஆக, மணிக்கு முக்கால் கன மீட்டர் போதும். ஃபிட்டரும் 15 மி.மீ. செம்புக் குழாயைப் போட்டு, சுவரைப் பூசிவிட்டுப் போய்விடுவார். அதுவரை கணக்கு சரிதான்.

பிறகு ஒருநாள் எரிவாயுவில் இயங்கும் 24 கிலோவாட் உடனடி கீசர் வருகிறது. மொத்தம் 32 கிலோவாட், அதாவது மணிக்குச் சுமார் 3 கன மீட்டர். குழாயின் நீளம் ஆறரை மீட்டர், வழியில் 5 எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் எல்போவும் அரை மீட்டர் குழாய்க்குச் சமமான தடை. எனவே கணக்கில் எடுக்க வேண்டிய நீளம் 9 மீட்டர். எல்போவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே பாதிப் பேரின் பிழை. வீட்டுக்குள் வரும் அழுத்தமே 20 மில்லிபார் அளவுதான். அதில் குழாயில் இழக்கலாம் என்று கணக்கிடுவது வெறும் 1 மில்லிபார். அந்த வரம்புக்குள் 9 மீட்டரில் 15 மி.மீ. குழாய் தரக்கூடியது மணிக்கு 1.5 கன மீட்டர். தேவையில் பாதி! அதே நீளத்துக்கு 22 மி.மீ. குழாய் 4.6 தரும். விட்டம் கொஞ்சம் கூடினாலும் அழுத்த இழப்பு மளமளவென்று குறையும். அதனால்தான் முதல்நாளே ஓர் அளவு பெரிய குழாய் போடச் சொல்கிறோம். அன்றைக்கு ஆகிற கூடுதல் செலவு அந்தக் குழாய்க்கு மட்டும்தான். பின்னால் மாற்றினால் சுவர் உடைப்பு, பூச்சு, பெயின்ட், மறுசோதனை எல்லாம் சேரும்.

மீட்டரும் அப்படித்தான். ஜி1.6 வகை மீட்டரின் உச்ச ஓட்டம் மணிக்கு 2.5 கன மீட்டர். மேலே சொன்ன வீட்டுக்கு அது பற்றாது. ஜி4 மீட்டர் 6 வரை தாங்கும்.

இதைவிட மோசமானது அடுத்து நடப்பது. வெந்நீர் திறந்தால் அடுப்புச் சுடர் சுருங்குகிறது. கீசரைக் குறை சொல்வார்கள், பர்னரை மாற்றுவார்கள், கடைசியில் யாராவது அழுத்தத்தைக் கூட்ட ரெகுலேட்டர் திருகைத் திருப்புவார். அதைத் தொடவே கூடாது. கீசர் அணைந்ததும் உயர்த்திய அழுத்தம் முழுதும் அடுப்பின் மேல் இறங்கும். சுடர் பர்னரை விட்டு எழும்பும். எல்லாம் மூடியிருக்கும்போது அளந்தால் அழுத்தம் சரியாகவே காட்டும். எல்லாச் சாதனங்களையும் முழு அளவில் எரியவிட்டு, கடைசிச் சாதனத்தின் நுழைவாயிலில் அளந்தால்தான் குறை தெரியும்.

அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே பட்டியல் போடுங்கள்: இப்போதுள்ளவை, அடுத்த சில ஆண்டுகளில் வரக்கூடியவை, ஒவ்வொன்றின் பெயர்ப்பலகையில் உள்ள கிலோவாட், அது நிற்கப்போகும் இடம். கீசர் வரவிருக்கும் இடத்தில் வால்வும் மூடியும் வைத்த ஒரு டீ (கிளை பிரிக்கும் T வடிவ இணைப்பு) விட்டுவைத்தால் போதும்.

சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டுவது

சிலிண்டர் கேஸ் ஒரு கன மீட்டருக்கு இயற்கை எரிவாயுவைப் போல் இரண்டரை மடங்கு வெப்பம் தரும். அது வரும் அழுத்தமும் அதிகம். எனவே அந்த அடுப்பின் ஜெட் (பர்னருக்குள் வாயுவைப் பீய்ச்சும் சிறு முனை) துளை சிறியது. மாற்றாமல் மாட்டினால் சுடர் சோம்பி எரியும். உடனே டிரில் பிட்டால் துளையைப் பெரிதாக்குகிறார்கள். துளை கோணலாகி, காற்று சரியாகக் கலக்காமல் சுடர் மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு வரும். அடுப்புத் தயாரிப்பாளர் இயற்கை எரிவாயுவுக்கென்று தரும் ஜெட்டையே போட வேண்டும். சிம் நிலைக்கான திருகையும் மறக்காமல் சரிசெய்ய வேண்டும்.

சோதிக்கும் முன் சுவரைப் பூசுவது

பூசாதீர்கள், பள்ளத்தையும் மூடாதீர்கள். குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் சோதனைக்கு 10 பார் (10,000 மில்லிபார்) வரை காட்டும் கேஜ் உதவாது. சில மில்லிபார் இறங்கினால் அதில் முள் அசையாது. நீர் நிரப்பிய யு குழாய் மானோமீட்டரில் (அழுத்தமானியில்) 1 மில்லிபாருக்கு நீர்மட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. வித்தியாசம் காட்டும். அழுத்தம் ஏற்றியதும் காற்றின் வெப்பம் அடங்கச் சற்று நேரம் விட்டு, பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜனால் அழுத்தச் சோதனை

ஒருபோதும் கூடாது. எண்ணெய்ப் பசை பட்டால் தீப்பிடிக்கும். காற்று அல்லது நைட்ரஜன் மட்டும்.

கசிவு எச்சரிக்கைக் கருவியைத் தரையருகே வைப்பது

சிலிண்டர் கேஸுக்குத்தான் அது பொருந்தும். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே போய்த் தேங்கும். கருவி கூரையை ஒட்டி இருக்க வேண்டும். காற்றுப்போக்கித் துளையும் உயரத்தில் வேண்டும்.

மஞ்சள் பாலிஎத்திலீன் குழாயை வீட்டுக்குள் கொண்டுவருவது

அது மண்ணுக்கு அடியில் போட மட்டும். வெயிலில் நொறுங்கும், தீயில் உருகும். தரைக்கு மேல் எஃகு அல்லது செம்பு.

ரப்பர் குழாயைச் சுவர் வழியே நுழைப்பது

வேண்டாம். சுவரைக் கடப்பது உலோகக் குழாய். அதைச் சுற்றி ஓர் உறைக்குழாய். உறையின் உள்முனையை அடைத்து, வெளிமுனையைத் திறந்து விடுங்கள். கசிந்தாலும் வாயு வெளியே போகும்.