வேலை தேடும் இணையதளத்தில் பதிந்தும் அழைப்பு வராவிட்டால்

நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுபவர்கள் ரெஸ்யூமைத் திறப்பது கடைசியில்தான். முதலில் திறன், அனுபவம், ஊர், சம்பளம், நோட்டீஸ் காலம் (இப்போதைய வேலையை விட்டு வர ஆகும் நாட்கள்) என்று வடிகட்டுவார்கள். இவற்றில் ஒன்று காலியாக இருந்தாலும் பட்டியலில் பெயர் வராமல் போகலாம்.

எனக்குப் பலன் தந்தது, தளத்தில் என் விவரப் பக்கத்தின் தலைப்பு வரியை மாற்றியது. ‘கணக்காளர்’ என்பதைவிட ‘டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், 4 ஆண்டு, கோவை’ என்பது தேடலில் சிக்கும். விளம்பரத்தில் உள்ள சொல்லையே திறன் பகுதியிலும் போடுங்கள் (தெரிந்த வேலைக்கு மட்டும்!).

அடுத்தது ரெஸ்யூம் கோப்பு. பக்கத்தை இடம் வலமாக இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, அட்டவணையும் ஐகானும் வைத்த அழகு வடிவங்கள்தான் பெரிய தொல்லை. பிடிஎஃப்பில் உள்ளதை முழுக்க நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் குழம்பி வந்தால் தளத்தின் மென்பொருளும் அப்படித்தான் படிக்க வாய்ப்பு. ஸ்கேன் செய்த படமாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமே ஒட்டாது. வேர்டில் ஒரே நெடுவரிசையாக அடித்துச் சேமித்தால் போதும்.

அண்மையில் உள்ளே வந்தவர்களை மட்டும் காட்டும் வடிகட்டியும் உண்டு. வாரம் ஒருமுறையாவது நுழைந்து ஒரு வரியைத் திருத்துங்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று யாராவது பணம் கேட்டால் போனை வைத்துவிடலாம்.