குறும்புக் குரங்கின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி?

கதை சொல்லிப் பழகாதவர்கள் பெரும்பாலும் தடித்த கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து முதற் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கி, மூன்றாம் நிமிடத்திலேயே பிள்ளைகளின் கவனத்தை இழந்துவிடுகிறார்கள். தொடக்கத்துக்கு ஒரே ஒரு கதை போதும். அதுவும் குரங்குக் கதையாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் கூரையில் தாவி, அடுப்படிக்குள் புகுந்து ரொட்டியைத் தூக்கிச் செல்லும் குரங்கை மலையகப் பிள்ளைகளுக்கு யாரும் வர்ணித்துக் காட்ட வேண்டியதில்லை.

முதலில் கதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் 547 ஜாதகக் கதைகளுள் 46ஆவதாக வருவதை நான் பரிந்துரைப்பேன். காசியில் திருவிழா நடக்கிறது. அரச தோட்டக்காரன், கன்றுகளுக்கு நீர் ஊற்றும் பொறுப்பை அங்கு வாழும் குரங்குகளிடம் ஒப்படைத்துவிட்டு விழாவுக்குப் போகிறான். தலைமைக் குரங்கோ, தண்ணீர் வீணாகக் கூடாது என்ற அக்கறையில், ஒவ்வொரு கன்றையும் பிடுங்கி வேரைப் பார்த்து, நீண்ட வேருக்கு நிறையவும் குட்டை வேருக்குக் கொஞ்சமாகவும் ஊற்றும்படி கட்டளையிடுகிறது. பஞ்சதந்திரத்தில் ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையும் நல்ல கதைதான். ஆனால் அதில் குரங்கு இறந்துபோவதால், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் படுக்கும் நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்து, கதையை மனப்பாடம் செய்யாமல் பொறுப்பைக் கொடுப்பது, கன்றுகளைப் பிடுங்குவது, தோட்டம் பாழாவது என்று மூன்று காட்சிகளாக மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதற் காட்சியை நான்கு வரிகளில் முடித்துவிடலாம்.

நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியது இரண்டாம் காட்சி. இடது கையை முட்டியாக மடக்கி, அதற்குள் ஒரு கரண்டியைச் செருகிக்கொள்ளுங்கள். வலது கையால் அதை மெல்ல இழுத்தெடுத்து, கண்ணருகே வைத்து உற்றுப் பார்த்து, “இது நீளம், இரண்டு குடம்!” என்று சொல்லுங்கள். பின்பு சிறிய கரண்டி: “இது குட்டை, அரைக் குடம்!” மூன்றாவது கன்றுக்குப் பிள்ளைகளே அளவு சொல்லத் தொடங்குவார்கள். குரங்கின் நியாயம் ஒரு கணம் சரியென்றே தோன்றுவதில்தான் இக்கதையின் சுவை இருக்கிறது. ஆகவே உங்கள் முகத்தில் சிரிப்பு வரக்கூடாது. காசித் தோட்டத்தை நுவரெலியாவுக்குக் கொண்டுவர வேண்டாம். “பொலித்தீன் பையிலிருக்கும் தேயிலைக் கன்றை இப்படிப் பிடுங்கினால்?” என்ற ஒரு கேள்வியே போதும்.

கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சுட்டி “உன்னை மாதிரித்தான் அந்தக் குரங்கும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நொடியே கதை கண்டிக்கும் பேச்சாக மாறிவிடும். முடிந்ததும் “என்ன படித்தாய்?” என்று கேட்பதையும் தவிர்த்து, சற்றுப் பேசாமல் இருங்கள். நான் அப்படி இருந்தபோதுதான் அக்காவின் மகள், “மாமா, பிடுங்குன கன்ன திரும்ப நட்டா பொழச்சிக்குமா?” என்று கேட்டாள்.

கடைசியாக, மறுநாள் அதே கதையைப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள், பிழை திருத்தாதீர்கள். அவள் சொன்ன கதையில், தோட்டக்காரன் வரும் சத்தம் கேட்டதும் குரங்குகள் கன்றுகளை அவசர அவசரமாகத் தலைகீழாக நட்டுவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டன.