டெல்டாவிலிருந்து சிங்கப்பூர் வரும் குடும்பங்களுக்கு: நகர மையத்தில் முதல் சில வாரங்கள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கங்களிலிருந்து வேலைக்காகக் குடும்பத்துடன் சிங்கப்பூர் வருபவர்களைப் பல நிறுவனங்கள் முதலில் நகர மையத்திலுள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் ஒன்றில் தங்கவைக்கின்றன. ஓட்டலைப் போல அறையைத் துப்புரவு செய்ய ஆட்களும், வீட்டைப் போலச் சமையலறையும் இருப்பதால், பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இதைவிட வசதியான தொடக்கம் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. சட்டப்படி இவற்றில் குறைந்தது 7 நாள் தங்கவேண்டும். தனியார் வீடுகளை 3 மாதத்துக்குக் குறைவாகவும், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விட அனுமதியில்லை; ஆகவே ஒரு வாரத்துக்கு வீவக வீடு தருவதாக யாரேனும் சொன்னால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஏற்காதீர்கள். கட்டணத்தை நீங்களே செலுத்துவதானால், சொல்லும் தொகையில் 9 சதவீதப் பொருள் சேவை வரி அடங்கியிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சமையலறையில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பல இடங்களில் எரிவாயு அடுப்புக்குப் பதிலாக இண்டக்‌ஷன் அடுப்பே இருக்கும். காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டுமே அதில் சூடேறும் என்பதால், புறப்படுமுன் ஒரு சிறு காந்தத்தை எடுத்து எவர்சில்வர் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். அலுமினிய இட்லிப் பானையும் பித்தளை உருளியும் இங்கே பயன்படா. ரசத்துக்கான ஈயச்சொம்பையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். இண்டக்‌ஷனில் அது சூடாகாது, மற்ற மின்னடுப்பிலோ நீர் வற்றினால் உருகிவிடும். காபி ஃபில்டருக்கு வெந்நீர் போதும் என்பதால் அதைத் தயங்காமல் கொண்டுவரலாம். மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட் ஆகையால் மிக்ஸி ஓடும்; ஆனால் இங்குள்ள பிளக் செவ்வக முனை கொண்டது, அடாப்டர் வேண்டும். காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது எண்ணெய் காயுமுன்பே புகை உறிஞ்சியைப் போட்டுவிடுங்கள். கூரையிலுள்ள புகை உணர்கருவியைத் துணியால் மூடுவது, எத்தனை பேர் யோசனை சொன்னாலும், ஆபத்தான செயல்.

திருச்சியில் பெட்டி கட்டும்போதே கசகசாவையும் மெல்லும் புகையிலையையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், இரண்டும் இங்கே தடைசெய்யப்பட்டவை. வெற்றிலை போடும் பெரியவர்கள் உடன் வந்தால் அவர்களிடம் இதை முன்பே பொறுமையாகச் சொல்லிவிட வேண்டும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழையிலை, பொன்னி அரிசி எல்லாம் லிட்டில் இந்தியா பகுதியிலுள்ள தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் கிடைப்பதால், அவற்றுக்காக எடையை வீணாக்க வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், சைனாடவுன் அல்லது தெலுக் ஆயர் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியைக் கேளுங்கள். சைனாடவுனிலிருந்து லிட்டில் இந்தியா மூன்றாவது நிலையம். 1827-இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயிலும், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாக 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்காவும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. நாகப்பட்டினம் வட்டாரத்திலிருந்து வருபவருக்கு, முதல் வாரத்தில் அந்தப் பெயரைத் தெருவில் பார்ப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்த வாரங்களின் உண்மையான பயன், அவசரமின்றி வீடு பார்க்கக் கிடைக்கும் அவகாசமே. அறையின் சொகுசில் நாள்களைக் கழித்துவிட்டுக் கடைசி இரண்டு நாளில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் குடும்பங்கள், பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் தொலைவான இடத்தில் நெடுநாள் மாட்டிக்கொள்கின்றன. வந்த மறுநாளே தேடத் தொடங்குங்கள். முகவரின் பதிவெண்ணைக் கேட்டு அரசின் பொதுப் பதிவேட்டில் சரிபாருங்கள். வீட்டை நேரில் பார்க்குமுன் எந்த முன்பணமும் அனுப்பாதீர்கள். மேற்கு வெயில் அறைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பது தெரியவேண்டுமானால் மாலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டவேண்டியவர் பொதுவாக வாடகைக்காரரே, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.