டைலிங் விண்டோ மேனேஜருக்கு மாறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாளரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியவிடாமல், திரையின் பரப்பைப் பங்கிட்டு அவற்றை அருகருகே அமர்த்தும் மென்பொருளே டைலிங் விண்டோ மேனேஜர். இம்முறை புதிதன்று, 1985இல் வெளிவந்த விண்டோஸின் முதல் பதிப்பே இப்படித்தான் சாளரங்களை அடுக்கியது. இன்று லினக்ஸில் 2006 முதல் இருந்துவரும் டிடபிள்யூஎம், 2009இல் வந்த ஐ3, ஐ3இன் அமைப்புக் கோப்பையே வேலண்டில் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய அடித்தளம்) ஏற்றுக்கொள்ளும் ஸ்வே ஆகியவை பலரும் அறிந்தவை. நினைவகம் குறைந்த பழைய கணினியைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்து பயன்படுத்தும் பெரம்பூர், வியாசர்பாடி மாணவர்களுக்கு இவை உண்மையிலேயே உதவும். ஆனால் சாளரத்துக்கு இடம் ஒதுக்குவது மட்டுமே இம்மென்பொருளின் வேலை, மற்ற அனைத்தையும் நாமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதை உணராமல் இறங்குபவர்கள் விரைவில் சலித்துப்போகிறார்கள். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

முதல் தவறு, ஏற்கெனவே உள்ள க்னோம் அல்லது எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை நீக்கிவிடுவது. வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர் மின்விசிறியைத் தாமே வாங்கி மாட்டிக்கொள்வதைப் போல, ஐ3இல் வைஃபை ஐகான், அறிவிப்புகள், திரைப் பூட்டு, நிர்வாகக் கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி, திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரலைத் தேடி நிறுவி, தேவையானவை அமர்வு தொடங்கும்போதே இயங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றில் பெரிதும் மறக்கப்படுவது திரைப் பூட்டு. மடிக்கணினியை மூடித் திறந்தால் அது தானாகப் பூட்டிக்கொண்டிருக்கும் என்று நம்பக் கூடாது. பழைய டெஸ்க்டாப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்நுழைவுத் திரையில் வேண்டிய அமர்வைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஒரே கணினியை வீட்டில் நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும்போது இது இன்னும் முக்கியம். மூடுவதற்குப் பெருக்கல் குறிகூட இல்லாத சாளரத்தைக் கண்ட அப்பா, நேராக சுவிட்சை அணைத்துவிடக் கூடும். அவரைக் குறைசொல்ல முடியாது.

அடுத்தது, இணையத்தில் அழகான படத்தைப் பார்த்துவிட்டு, அதன் பின்னாலுள்ள அமைப்புக் கோப்பை முழுவதுமாக நகலெடுப்பது. அதை எழுதியவரின் கணினியில் இருந்த நிரல்கள் நம்மிடம் இரா. அவர் பழகிய விசைகள் நம் விரலுக்கு வாரா. சாளரங்களுக்கிடையே அவர் விட்ட தாராளமான இடைவெளி அவருடைய அகன்ற திரைக்குப் பொருந்தலாமே தவிர, 1366க்கு 768 பிக்சல் அளவுள்ள நம் திரையில் வீண் செலவுதான். ஐ3 முதன்முறை தொடங்கும்போது தானே உருவாக்கித் தரும் கோப்பை வைத்துக்கொண்டு, தேவை எழும்போது மட்டும் ஒரு வரியைச் சேர்ப்பவருக்கு ஒவ்வொரு வரியின் பொருளும் தெரிந்திருக்கும். நகலெடுத்த கோப்புகளில் அடிக்கடி காணும் கோளாறு ஒன்றையும் சொல்ல வேண்டும்: ‘எக்ஸெக் ஆல்வேஸ்’ என்று தொடங்கும் வரி, ஐ3ஐ மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த நிரலைப் புதிதாக ஏவும். ஒருமுறை மட்டும் இயங்க வேண்டியவற்றுக்கு வெறும் ‘எக்ஸெக்’ போதும்.

திரையைப் பிரிப்பதில் நிகழும் தவறுக்குக் கணக்கே சாட்சி. 1366 பிக்சல் அகலத்தை இரண்டாகப் பிரித்தால் 683. நான்காகப் பிரித்தால் ஏறத்தாழ 341. அந்த அகலத்தில் இணையதளங்கள் கைபேசித் தோற்றத்துக்கு மாறிவிடும். விரிதாளில் சில நெடுவரிசைகளுக்கு மேல் தெரியாது. எதுவும் சொல்லாவிட்டால் ஐ3 புதுச் சாளரங்களைப் பக்கவாட்டில் சேர்த்துக்கொண்டே போகும், ஏனெனில் எங்கே, எந்தத் திசையில் பிரிப்பது என்பதை அது பயனரிடமே விட்டுவிடுகிறது. டிடபிள்யூஎம் அப்படியன்று, முதன்மைச் சாளரத்துக்கு இடப்புறம் பெரிய இடத்தை ஒதுக்கி, மற்றவற்றை வலப்புறம் தானாக அடுக்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் ஒன்றைத் தேர்ந்துவிட்டு, மென்பொருள் தாறுமாறாக நடந்துகொள்கிறது என்று குறைகூறுவோர் உண்டு. எந்தெந்தச் சாளரங்கள் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி. மண்ணடியில் ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிக்கும் ஊழியருக்கு இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் அருகருகே இருந்தாக வேண்டும், எடையும் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க. மின்னஞ்சலும் வாட்ஸாப்பும் வேறொரு பணித்தளத்தில் (விசையை அழுத்தி மாறிக்கொள்ளும் இன்னொரு திரைப்பரப்பு) இருந்தால் போதும். பழைய வண்ணாரப்பேட்டை டிடிபி கடையில் அழைப்பிதழ் வடிவமைப்பவர் இங்க்ஸ்கேப்பைத் தனிப் பணித்தளத்தில் முழு அகலத்துக்கு வைப்பதுதான் முறை. ஐ3இல் சூப்பர் விசையோடு (விண்டோஸ் குறியுள்ள விசை) டபிள்யூவை அழுத்தினால் சாளரங்கள் உலாவியில் உள்ளவை போன்ற தாவல்களாக மாறி, ஒவ்வொன்றும் முழு அகலத்தைப் பெறும். சிறிய திரை உடையோருக்கு இதைவிடப் பயனுள்ள வசதி இல்லை என்பது என் கருத்து. இருந்தும் புதியவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனிச் சிக்கல்கள் உள்ளன. ஆங்கில வழிகாட்டிகளை மட்டும் படித்தால் இவை கண்ணில் படா. க்னோமில் தானாக இயங்கிய, தட்டச்சு மொழியை மாற்றித் தரும் ஐபஸ், பல நிறுவல்களில் ஐ3இல் தொடங்காது. அதை ஏவும் வரியையும், ஜிடிகே, கியூடி என்னும் இடைமுகத் தொகுப்புகளில் எழுதப்பட்ட நிரல்களுக்கு ஐபஸைக் காட்டித்தரும் சூழல் மாறிகளையும் நாமே எழுத வேண்டும். எழுதிய பிறகும் மொழி மாறவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் விசை மோதல்தான். ஐபஸ் இயல்பாக எதிர்பார்ப்பது சூப்பரும் ஸ்பேஸும். ஐ3 அதே இணையை மிதக்கும் சாளரத்துக்கும் பதிந்த சாளரத்துக்கும் இடையே தாவப் பயன்படுத்துவதால், அழுத்தம் ஐபஸைச் சென்றடையாது. இரண்டில் ஒன்றை மாற்றியாக வேண்டும். ஐபஸ் இல்லாமல், 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 தளக்கோலத்தை (விசைப்பலகையின் எழுத்தமைப்பு) நேரடியாக அமைத்துக்கொள்பவர்கள், தமிழை மட்டும் வைக்காமல் ஆங்கிலத்தை முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் வைக்க வேண்டும். ஐ3 குறுக்குவிசைகளை முதல் தளக்கோலத்தைக் கொண்டே புரிந்துகொள்கிறது. அங்கே ‘டி’ என்ற எழுத்தே இல்லையென்றால், நிரல்களைத் திறக்கும் விசையும் இல்லை. ஸ்வேயில் ஆங்கிலத்தை முதலில் வைத்த பிறகும், எழுத்தை விசையின் எண்ணாக மாற்றிக்கொள்ளச் சொல்லும் ‘டு கோட்’ விருப்பத்தைக் குறுக்குவிசை வரிகளில் சேர்க்க வேண்டும்.

ஸ்வேக்குப் போகிறவர்கள் வேலண்டுக்கு முந்தைய எக்ஸ்11 காலத்துக் கருவிகளையும் உடன் கொண்டுபோக முடியாது. திரைகளை ஒழுங்குபடுத்தும் எக்ஸ்ரேண்டர் கட்டளை அங்கு பயன்படாது. இணையவழி நேர்காணலில் திரையைப் பகிர வேண்டியிருந்தால், அதற்கான போர்ட்டல் நிரல் இயங்குகிறதா என்பதை முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள். என்விடியாவின் மூடிய (மூலநிரல் வெளியிடப்படாத) டிரைவருக்கு ஸ்வே அதிகாரபூர்வ ஆதரவு தருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக, விசைகள். தொடக்கத்தில் சூப்பரா ஆல்ட்டா என்று ஐ3 கேட்கும்போது ஆல்ட்டைத் தேர்ந்தால், உலாவியின் முகவரிப் பட்டைக்குப் போகும் ஆல்ட்-டி முதலாகப் பல நிரல்களின் விசைகளை இழக்க நேரிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் விழிப்புத் தேவை. ஐ3இல் மாற்றுவிசையோடு (சூப்பர் அல்லது ஆல்ட்) ஷிஃப்டும் க்யூவும் ஒரு சாளரத்தை மட்டுமே மூடும். டிடபிள்யூஎம்மில் அதே இணை, எதுவும் கேட்காமல் முழு அமர்வையும் முடித்துவிடும், சேமிக்காத கோப்புகளும் அதோடு போய்விடும். அங்கு சாளரத்தை மூடுவது மாற்றுவிசையோடு ஷிஃப்டும் சியும். ஐ3இல் பழகிய கையோடு டிடபிள்யூஎம்முக்குச் செல்பவர், அதைத் தொகுத்து (கம்பைல் செய்து) நிறுவுவதற்கு முன்பே அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியை மாற்றிவிடுவது நல்லது.