பழைய ரிவி கேம் பாணியில் சோக இசை: எங்கே சறுக்குகிறோம்

சோகமான கேம் இசை ஒன்று செய்யலாம் என்று உட்காருபவர்கள் அனேகமாக முதலில் கை வைப்பது ரிவேர்பில், அதாவது பெரிய மண்டபத்தில் ஒலிப்பது போன்ற முழக்கத்தைச் சேர்க்கும் வசதியில். அடுத்தது சோகச் சாயல் உள்ள மைனர் கோர்ட்ஸ். அப்புறம் வேகத்தை நிமிடத்துக்கு அறுபது அடிக்கு இறக்குவது. மூன்றையும் போட்டால் சோகம் வரத்தான் செய்யும். ஆனால் அது வானொலியில் மரண அறிவித்தலுக்கு முன் போடும் இசை மாதிரி இருக்கும். பழைய கேம்களில் இருந்த ஏக்கம் வேறு, அது கருவியின் வசதிக் குறைவிலிருந்து வந்தது.

1983இல் ஜப்பானில் வந்த நின்ரெண்டோவின் பாமிகொம் என்ற கேம் கருவியில் இருந்தவை ஐந்தே ஒலிவழிகள்: இரண்டு பல்ஸ் (சதுர வடிவ அலை), ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், சின்னச் சின்னப் பதிவுகளை ஒலிக்க இன்னொன்று. தொண்ணூறுகளில் கொழும்பு வீடுகளில் ரிவி கேம் என்று சொல்லி விளையாடிய மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் அதன் நகல்கள்தான். ஆகவே அந்த ஒலி வேண்டுமென்றால் ஆறாவது ஏழாவது ட்ராக் திறக்கக்கூடாது. பின்னால் ஒரு தடித்த பேட் ஒலியை (நீண்டு நிற்கும் பின்னணி ஒலியை)ப் பரப்பிவிட்டால் மெலடிக்குத் தனியே நிற்க இடமில்லாமல் போகும்.

சரி, ரிவேர்ப் இல்லாமல் வெறுமையாக இருக்காதா? அன்றைக்கு இதற்குச் செய்த வேலை எளிமையானது. முதல் பல்ஸில் இருக்கும் மெலடியை அப்படியே இரண்டாவது பல்ஸில் பிரதி எடுத்து, கொஞ்சம் தாமதமாக, சத்தம் குறைத்து வைப்பார்கள். நிமிடத்துக்கு 100 அடி வேகம் என்றால் மூன்று பதினாறாம் சுரம் (ஒன்று, ஓர் அடியில் கால்வாசி நேரம்) தள்ளி வையுங்கள், 450 மில்லி செக்கன் பிந்தி வரும். பல்ஸின் சத்தம் 0 முதல் 15 வரை. மெலடி 12இல் இருந்தால் எதிரொலி 4 போதும். சுருதியைத் துளி கலைத்துவிட்டால் இன்னும் நல்லது. இப்போது மெலடியில் அரை பார் (நாலு அடி ஒரு பார் என்றால், இரண்டு அடி) இடைவெளி விட்டுப் பாருங்கள். மெலடி நின்ற பிறகு அந்த மெல்லிய குரல் மட்டும் தனியாக வசனத்தை முடிக்கும். நீங்கள் தேடும் சோகம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. இடைவெளியே விடாமல் சுரங்களை நிரப்புகிறவர்களுக்கு இது கிடைக்காது.

ஒலியின் தரத்தை வேண்டுமென்றே குறைக்கும் பிட்கிரஷர் போட்டுக் கரகரக்க வைப்பதும் தேவையில்லாத வேலை. இந்த இசையை எட்டு பிட் என்கிறார்களே, அது கருவியின் செயலியைக் குறித்தது. ஒலி கிழிந்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பல்ஸ் அலை சுத்தமான, கூர்மையான ஒலி. அதன் அகலத்தை, அதாவது ஒரு சுழற்சியில் அலை மேலே நிற்கும் பங்கை, 12.5 சதவீதம் வைத்தால் மெலிந்து மூக்கொலியாகும். 50 வைத்தால் கிளாரினெட் சாயல் வரும். மெலடிக்கு 25இல் தொடங்கி நீண்ட சுரங்களில் 50க்கு மாற்றுவது என் பழக்கம். முக்கோண அலைக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியே இல்லை, ஒன்று ஒலிக்கும், இல்லையென்றால் நிற்கும். அது வாசிக்கும் பேஸில் (கீழ்ச்சுர வரியில்) உணர்ச்சி காட்ட வேண்டுமென்றால் எப்போது நிறுத்துகிறீர்கள் என்பதை வைத்துத்தான் காட்ட முடியும்.

வேக விஷயத்தில் எங்களுக்கென்று ஒரு தனிக்கதை உண்டு. ஜப்பான், அமெரிக்க ரிவிகள் செக்கனுக்கு 60 தடவை திரையை வரையும். இலங்கையில் எங்களுடைய பால் (PAL) எனும் ஒளிபரப்பு முறை ரிவி 50 தடவைதான். இசையும் அந்தக் கணக்கில்தான் ஓடியது. திருத்தம் செய்யாத கேமில், 150இல் எழுதிய பாட்டு இங்கே 125இல் கேட்கும். PAL முறைக்கென்றே செய்த அசல் கருவியில் சுருதியும் அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். உற்சாகமாக எழுதிய பாட்டுக்கூட எங்கள் ஞாபகத்தில் கொஞ்சம் சோர்ந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் 60க்கு இறக்காதீர்கள். 110, 120இல் பேஸை நடக்க விட்டு, மேலே மெலடியை மட்டும் நீட்டிப் பிடியுங்கள்.

ராகம் தெரிந்தவர்கள் உடனே மைனர் சாயல் உள்ள கீரவாணிக்கு ஓடுவார்கள். அது சினிமாப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். நான் சங்கராபரணத்தில், அதாவது சாதாரண மேஜரில், தொடங்கச் சொல்வேன். ஆறாவது சுரமான தைவதத்தை மட்டும் ஓரிடத்தில் அரைச்சுரம் இறக்குங்கள், சரசாங்கி வந்துவிடும். சி மேஜரில் எஃப் மேஜர் வரவேண்டிய இடத்தில் எஃப் மைனர் வரும். ஒரு லூப்பில், அதாவது பாட்டின் ஒரு சுற்றில், ஒரே ஒரு தடவை. நாலு தடவை செய்தால் தந்திரம் வெளியே தெரிந்துவிடும். சங்கீதம் படித்த கைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: கீபோர்ட்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் வீலில் கமகம். ஒவ்வொரு சுரத்தையும் அசைத்தால் சிப் இசையின் நேரான தன்மை போய்விடும். நீண்ட சுரத்தில் மட்டும், அதுவும் கால் செக்கன் கழித்து அசைவு தொடங்கட்டும்.

மழைச் சத்தம், வெள்ளவத்தைக் கரையோர ரயில் சத்தம் எல்லாம் போனில் பதிந்து தொடக்கத்தில் ஒட்டுவது இப்போது ஒரு வழக்கம். மெலடி பலவீனம் என்று தெரிந்தவர்கள் செய்கிற வேலை இது என்பது என் அபிப்பிராயம். கடல் வேண்டுமா, இரைச்சல் வழியின் சத்தத்தை நாலைந்து செக்கனில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். அலை வந்து போகும், கருவியின் மொழியிலேயே.

2022க்குப் பிறகு டொலர் போன போக்கில், புதுச் சின்தசைசர் வாங்கிய பிறகுதான் தொடங்குவேன் என்பதும் ஒரு தவறுதான். பாமிகொம் மாதிரி இசை எழுத உதவும் மென்பொருள்களான பேமிட்ராக்கர், பர்னஸ் இரண்டும் இலவசம். பழைய லப்டொப்பிலும் ஓடும். கீபோர்ட்டில் வாசித்துப் பழகியவர்களுக்கு சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சின்தசைசர் இருக்கிறது, அதுவும் காசில்லை.

கடைசியாக, முடிவு. கேம் இசைக்கு முடிவு கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசி பாரில் சி மேஜருக்கு வந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு செத்துப் பிழைக்கும். ஜி மேஜர் கோர்ட்டில் தொங்க விட்டு முதல் பாருக்குத் திரும்புங்கள். எதிரொலியின் கடைசிச் சுரங்கள் முதல் பாருக்குள் வழிய வேண்டும். அதனால் பாட்டை இரண்டு சுற்று பதிந்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள்.