ரெண்டு வயசு குழந்தைய ஆடு மாடு பாக்க தோட்டத்துக்கு கூட்டிட்டு போறீங்களா, இதெல்லாம் பாத்துக்கோங்க

கோயம்புத்தூர், திருப்பூர் சுத்தி இப்போ டிக்கெட் போட்டு ஆடு, முயலுக்கு தீனி குடுக்கற இடம்லாம் நிறைய வந்துருச்சு, போறவங்க போகட்டும். ஆனா குழந்தைக்கு ஒன்றரை ரெண்டு வயசுதான் ஆகுதுன்னா, சொந்தத்துலயோ தெரிஞ்சவங்கள்லயோ ஆடு மாடு வெச்சிருக்கறவங்க யாராவது இருந்தா அவங்க கட்டுத்தரைக்கே கூட்டிட்டு போங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஏன்னா அங்க ஒவ்வொரு உருப்படியோட குணமும் தெரிஞ்ச ஆள் கூடவே இருப்பாங்க, எந்த மாடு தலைய வீசும், எது புது ஆள பாத்தா மெரளும், எந்த ஆடு கையில இருந்து பதமா வாங்கி தின்னும்னு தினமும் தீனி போடற அம்மாயிக்கு அத்துபடி. காங்கேயம், தாராபுரம் பக்கத்து தோட்டங்கள மனசுல வெச்சுதான் இத எழுதறேன், மத்த ஊருக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுருங்க. புதுசா கன்னு போட்ட மாடு இருக்கா, நாய கட்டி வெப்பாங்களா, தீவனக்காட்டுல மருந்து அடிச்சிருக்காங்களா, கிணத்துக்கு சுத்துச்சுவர் இருக்கா, இத்தன கேட்டா போதும். இதுல கிணறுதான் எனக்கு முதல் பயம், ஆடு மாட்ட விட அதுதான். நம்ம பக்கம் நிறைய கிணறு தரையோட தரையா இருக்கும், மாட்டு தண்ணித்தொட்டி கூட குழந்தை எட்டிப் பாக்கற உயரம்தான், அதனால குழந்தைக்குன்னே ஒரு ஆள் இருக்கணும், அந்த ஆள் கையில போன் இருக்க கூடாது, போட்டோ எடுக்கறது வேற ஆள் வேலை.

நேரம் காலைல 7 மணிக்கு மேல 9 மணிக்குள்ள, இல்லன்னா சாயந்தரம் 4 மணிக்கு மேல. அதுலயும் ஆடுகளுக்கு முதல் தீனி போட்ட பொறகு போங்க, வெறும் வயித்துல இருக்கற ஆடு தழைய பாத்ததும் முண்டியடிச்சு வரும், பெரிய ஆளே தடுமாறிருவோம், குழந்தை நடுவுல மாட்டிக்கிட்டா அப்புறம் ரொம்ப நாளைக்கு ஆடுன்னாலே அழும். குழந்தையும் தூங்கி எழுந்து சாப்பிட்டு வந்திருக்கணும், கட்டுத்தரைக்குள்ள வாயில எதுவும் போடக்கூடாதுன்றதால இது முக்கியம். பால் பாட்டில், சிப்பர், பிஸ்கட் எல்லாம் கார்லயே இருக்கட்டும். காலுக்கு செருப்பு வேண்டாம், மூடுன ஷூ போடுங்க, கிளுவை வேலியோரமும் வெள்வேல மரத்தடியும் முள்ளு கெடக்கும்.

போனதும் நேரா கொண்டு போய் மாட்டு முன்னாடி நிறுத்தாதீங்க. குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு நாலஞ்சு அடி தள்ளியே நில்லுங்க, அது பாக்கட்டும், மோந்து பாக்கட்டும், சாணி வாசனை, மாடு மூச்சு விடற சத்தம் எல்லாமே அதுக்கு புதுசு. "தொடு தொடு, ஒண்ணும் பண்ணாது"ன்னு கைய புடிச்சு இழுக்கறத விட, நாம ஒரு கொத்து தழைய குடுத்து காட்டினா கொஞ்ச நேரத்துல அதுவே கைய நீட்டும். நீட்டலையா, விட்டுருங்க, பாத்ததே போதும், அடுத்த தடவை பாத்துக்கலாம். காங்கேயம் கன்னு இருந்தா கட்டாயம் காட்டுங்க, பொறக்கும்போது செவப்பா இருக்கும், ஆறு மாசம் போல ஆனாதான் சாம்பல் நிறத்துக்கு மாற ஆரம்பிக்கும், அதனால செவப்பு கன்னுக்கு வெள்ளை அம்மாவான்னு கொஞ்சம் பெரிய குழந்தைங்க கேப்பாங்க. ஆனா புதுசா ஈன மாட்டுகிட்ட மட்டும் போகவே கூடாது, எவ்வளவு சாது மாடா இருந்தாலும் கன்னுக்காக பாய வரும்.

தீனி குடுக்க ஆரம்பிக்க நல்லது வெள்ளாடு, அதுவும் கொஞ்சம் வளந்த குட்டி. அகத்திக்கீரையோ வேலிமசால்ங்கற தீவனச்செடியோ, நீள கொத்தா, குழந்தையோட முழங்கை நீளத்துக்கு இருக்கற மாதிரி எடுத்து, அடிப்பக்கத்த குழந்தை புடிக்க, அது கை மேல உங்க கைய வெச்சு நுனிய ஆட்டுப்பக்கம் நீட்டுங்க. ஆடு உதட்ட வேகவேகமா ஆட்டி இலை இலையா உருவி தின்னும், அந்த இழுப்பு குழந்தை கைக்கு தெரியும் பாருங்க, அப்போ அது முகத்தை பாக்கணும். காம்பு பாதியானதும் விட்டுரணும். ஆடு மாட்டுக்கு மேல்தாடைல முன்பல்லு கெடையாது, அதனால நறுக்குன்னு கடிக்காது, ஆனா உள்ள கடவாப்பல்லு இருக்கு, விரல் உள்ள போனா நசுங்கிரும். அதனாலதான் நீள கொத்து. மாடு நாக்க நீட்டி சுத்தி வளைச்சு இழுக்கும், அரம் மாதிரி சொரசொரன்னு இருக்கும், சில குழந்தை சிரிக்கும், சிலது அலறும், அதனால மாட்டுக்கு ரெண்டாவதா குடுங்க. செம்மறிக்கு வெள்வேலங்காய் ரொம்ப இஷ்டம், மரத்தடில விழுந்தத பெரியவங்க பொறுக்கி குடுக்க, குழந்தை ஒரு கூடைல போட்டு வெச்சா ஆடு வந்து தின்னுக்கும், கையில குடுக்கவே வேண்டாம். கிடா இருக்கற பட்டிக்குள்ள மட்டும் குழந்தைய எறக்காதீங்க, முட்டிரும்.

எத குடுக்கலாம்னு தோட்டத்துக்காரங்கதான் சொல்லணும், நம்மளா கொண்டு போய் குடுக்கறது வேண்டவே வேண்டாம். பொங்கல், சோறு, இட்லிய ஆசையா நிறைய குடுத்தா மாட்டு வயித்துல புளிச்சு போய் வயிறு உப்பி உசுருக்கே ஆபத்தாகும், மாட்டுப்பொங்கல் சமயத்துல மாட்டு டாக்டர்களுக்கு இதே வேலையா இருக்கும். குழந்தை வேலியில கெடைக்கற இலைய பறிச்சு நீட்டும், அரளி விஷம், இளஞ்சோளத்தட்டும் மரவள்ளி இலையும் கூட ஆட்ட கொன்னுரும். கீரைய கட்டிட்டு போற பிளாஸ்டிக் கவர உள்ளயே எடுத்துட்டு போகாதீங்க, கீழ விழுந்தா மாடு அதையும் சேத்து முழுங்கிரும்.

கோழிக்குஞ்ச பாத்தா எல்லா குழந்தையும் அமுக்க பாக்கும், குஞ்சு செத்துரும், அதோட அஞ்சு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க குஞ்ச கையில எடுக்கறதே நல்லதில்ல, சால்மொனெல்லா கிருமி வரும். பஞ்சாரத்துக்கு வெளிய இருந்து கம்பு தானியத்த தூவினா போதும், தாய்க்கோழி தொரத்தவும் செய்யாது.

முடிச்சதும் சோப்பு போட்டு, ஓடற தண்ணில, விரல் இடுக்கெல்லாம் 20 செகண்ட் தேய்ச்சு கழுவணும். மண்ணும் எச்சிலும் இருக்கற கையில சானிடைசர் சரியா வேலை செய்யாது. சோப்பும் துண்டும் நீங்களே கொண்டு போங்க. அப்பச்சி பாசத்துல "கறந்த சூட்டோட ஒரு டம்ளர் குடிச்சா ஒடம்புக்கு நல்லது சாமி"ன்னு பால நீட்டுவாரு, அவர் மனசு நோகாம "காய்ச்சி குடுக்கறேங்க அப்பச்சி"ன்னு வாங்கி பொங்க காய்ச்சியே குடுங்க, பச்சப்பால்ல புருசெல்லோசிஸ் மாதிரி நோய் வரும். உங்க வயித்துல அடுத்த குழந்தை இருந்தா, இப்போதான் குட்டி போட்ட ஆட்டுப்பக்கம் நீங்க போகாதீங்க, வீட்டுக்காரர் கூட்டிட்டு போகட்டும்.

அரை மணி நேரம், மிஞ்சிப்போனா முக்கா மணி நேரம் போதும், ரெண்டு விதமான உருப்படிய நல்லா பாத்தாலே அந்த வயசுக்கு நெறைவு. நாய் பிறாண்டினா கூட லேசா எடுத்துக்காதீங்க, உடனே சோப்பு தண்ணி ஊத்தி 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும்போது காதுக்கு பின்னாடி, அக்குள், தொடை இடுக்குல உண்ணி இருக்கான்னு பாருங்க, துணிய தனியா தொவைங்க. அடுத்த ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, ஒடம்புல எங்கயாவது சிகரெட் சுட்ட மாதிரி கருப்பு பொருக்கு இருக்கான்னு தேடிப் பாத்துட்டு, தோட்டத்துக்கு போயிட்டு வந்தத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, அது புதர்ல இருக்கற பொடிப்பூச்சி கடிச்சு வர்ற ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலா இருந்தா சீக்கிரம் கண்டுபுடிச்சு மருந்து குடுத்துருவாங்க.